விலைபோகாத நாற்காலி

"நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். வந்தவரை வாயைத் திறக்கச் சொன்னீங்களா, இல்லையா?"

"நாற்காலி எப்படிச் சாயுதுன்னு காட்டினேன்டி..."

"நாற்காலி சாய்ஞ்சா வாய் எதுக்குத் திறக்கணும்?"

"பழக்கதோஷம்" என்றார் பல் டாக்டர்.

பல் டாக்டர் என்றால், முன்னாள் பல் டாக்டர். இனி ஒரு நோயாளியையும் தொடமாட்டேன் என்று மனைவிக்குச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு, வாசல் பலகையைக் கழற்றிப் பரணில் போட்டவர். அவர் ஓய்வு பெற்றதும் முன்னறை அவளுக்கு என்று பேச்சு. அந்த வீட்டிலேயே நல்ல வெளிச்சம் வருகிற ஜன்னல் அங்கேதான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வெளிச்சத்தை அனுபவித்ததெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தவர்கள்தாம். அவளுக்கு வாய்த்தது சமையலறைச் சுவரும், அதைத் தாண்டிக் கேட்கும் முனகலும்.

ஒரு கட்டில், ஒரு கதைப் புத்தகம், அலுத்தால் தெரு வேடிக்கை. அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் விளக்கும் துப்புகிற கிண்ணமுமாக அந்தப் பல் பிடுங்குகிற நாற்காலி, அறையின் நடுவில் யானைக்குட்டி போல உட்கார்ந்திருந்தது.

செல்போனில் ஏலம் விட்டார்கள். போட்டி போட்டுக்கொண்டு கேட்டார்கள். ஜெயித்தவர் தவறாமல் வந்தார், கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் நாற்காலியைப் பார்த்தார், வீடு போய்ச் சேர்ந்ததும் 'மன்னிக்கவும், எங்கள் வீட்டு வாசல் குறுகலாக உள்ளதால் நாற்காலி வேண்டாம்' என்று செய்தி அனுப்பினார். மறுபடியும் ஏலம். அடுத்தவர் வந்தார். அவர் வீட்டு வாசலும் குறுகல்.

"இந்த ஊர்ல ஒரு வீட்டுக்காவது அகலமா வாசல் கிடையாதா?" என்றாள் மனைவி.

"காலம் கெட்டுப்போச்சு. கேட்ட விலைக்கு நாணயமா நிக்கணும்ங்கிற எண்ணமே யாருக்கும் இல்லை."

"சொத்தைப் பல்லைக் காட்டிப் பயமுறுத்தினா எவன் நிப்பான்? போன தடவை வந்த மரக்கடைக்காரர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே போனாரு. நான் ஜன்னல் வழியா பார்த்தேன்."

"அவர் வரும்போதே..." என்று ஆரம்பித்த டாக்டர், திடீரென்று இருமினார். எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கை கழுவ ஆரம்பித்தார். முழங்கைவரை நுரை.

"விக்கப்போறது நாற்காலி. கையை ஏன் தோல் உரியற மாதிரி தேய்க்கிறீங்க?"

"இன்னைக்கு ஏலம் எடுத்தவர் வர்ற நேரம். ஒரு மரியாதைதான்."

"அந்த மரியாதையை நான் பண்ணிக்கறேன். நீங்க என் தம்பி வீட்டுக்குப் போய் ஏணி வாங்கிட்டு வாங்க. ஜன்னல்ல ஒட்டடை அடிக்கணும்."

"இப்பவா? நான் இல்லேன்னா அவருக்கு யாரு..."

"யாரு என்ன?"

"யாரு விளக்கிச் சொல்றது?"

"மிதிச்சா ஏறும், விட்டா இறங்கும். இதைச் சொல்ல டாக்டருக்குப் படிச்சிருக்கணுமா? கிளம்புங்க."

டாக்டர் மனசே இல்லாமல் செருப்பை மாட்டினார். தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

இன்று வருகிறவர் தூக்கிக்கொண்டு போகாவிட்டால், கயிற்றைக் கட்டித் தானே தெருவில் இழுத்துவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அதில் ஏறி உட்கார்ந்தாள். சாய்ந்தாள். காலை நீட்டினாள். முகத்தில் வெயில் இதமாக விழுந்தது. எதிர்வீட்டு மொட்டைமாடியில் என்ன காய்கிறது என்பதுவரை தெரிந்தது.

"அடப்பாவிகளா" என்றாள் வாய்விட்டு, "இவ்வளவு சுகத்துல படுத்துக்கிட்டா முனகினீங்க?"

கதவை மெல்லத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் பூனை மாதிரி உள்ளே வந்தார். தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். ஒரு கன்னம் மட்டும் பன் மாதிரி உப்பியிருந்தது.

"ஏலம் எடுத்தது நீங்கதானா?"

"நான்தான் அக்கா."

அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். தூக்குவதற்கு ஆட்கள் யாரும் இல்லை.

"வண்டி எங்க நிக்குது?"

"வண்டி ஏது? சைக்கிள்லதான் வந்தேன்."

"சைக்கிள்ல எப்படி எடுத்துட்டுப் போவீங்க?"

"எதை அக்கா?"

அவள் கை தானாகவே கன்னத்துக்குப் போனது. அதைப் பார்த்ததும் அவர் முகம் இளகிவிட்டது. பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"ஓ, உங்களுக்கும் தாங்க முடியலையா? நீங்களே முதல்ல முடிச்சுக்கங்க, நான் பொறுத்துக்கறேன். ஜெயிச்சாத்தான் பார்ப்பாருன்னு சொன்னதால, வலியில ஒரு லாரி விலைக்கு ஏத்திட்டேன்." சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சத்தமா மட்டும் முனகிடாதீங்க. உள்ளே வீட்டம்மா இருப்பாங்க. நோயாளியைத் தொடமாட்டேன்னு அவங்களுக்குச் சத்தியம் பண்ணியிருக்காராம். ஏலம் எடுத்து வந்தா நாம நோயாளியில சேர்த்தி இல்லையாம். யாராவது கேட்டா, நாற்காலி பார்க்க வந்தேன்னு சொல்லிடுங்க. வாசல் குறுகல்னு அனுப்ப வேண்டிய செய்தியைக்கூட டாக்டரே எழுதிக் கொடுத்துடுவாரு. ஆமா, உங்களுக்கு எந்தப் பல்லு அக்கா?"