வத்தலுக்கு முன்

மில் இன்ஜினின் புகைக்குழாய் நீட்டிக்கொண்டிருந்த பக்கச் சுவரோரம் அவள் நின்றாள். அங்கே புகையும் சூடும் அடித்ததால் வேறு யாரும் நிற்கவில்லை. அதனாலேயே அவளுக்கு வாய்த்த இடம் அது.

இடுப்பில் ஓலைப்பெட்டி. பெட்டிக்குள் ஊறவைத்து உலர்த்திய பச்சரிசி.

மகள் வயதுக்கு வந்து பதினாறாம் நாள். இன்று தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தாய்மாமன் உச்சிப்பொழுதுக்குள் வந்துவிடுவான். அவன் முன்னால் புட்டு வைத்தாக வேண்டும்.

வீட்டிலேயே இடித்திருப்பாள். தோளைத் தூக்க முடியவில்லை.

பதினெட்டு வருடம் மேலத்தெரு நெல்லைக் குத்திய தோள். இருபது நாளைக்கு முன் நெல் குத்தவும் மாவு அரைக்கவும் மில் வந்தது, அந்த வேலை போயிற்று. வலியும் கூடவே போய்விடும் என்று நினைத்தாள். அது மட்டும் அவளோடு தங்கிவிட்டது.

உள்ளே மேலத்தெருப் பெண்கள் நான்கு பேர்.

சிவப்பரிசி. பச்சரிசி. கேழ்வரகு. மிளகாய் வத்தல்.

கிணற்றடியானாலும் கடையானாலும் மேலத்தெரு முடித்த பிறகுதான் அவள் தெரு. மில்லிலும் அப்படித்தான் இருக்கும் என்று வந்தாள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம்கூட இல்லை. காத்திருந்து பழகிய கால்கள்.

பிறகுதான் வத்தல் கூடை கண்ணில் பட்டது.

எல்லாருக்கும் கடைசி அது. அதற்கும் கடைசி அவளுடைய அரிசி.

வத்தல் அரைத்த மிஷினில் அரிசியைப் போட்டால் மாவு காரமாகத்தான் வரும். முதல் வாய் புட்டிலேயே தாய்மாமன் செருமிக்கொண்டு எழுந்துவிடுவான். சபையில் மகள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். வேறொருத்தி வீட்டுச் சடங்கில் இப்படி நடந்திருந்தால் அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள்.

திரும்பிப் போய் இடித்துவிடலாமா?

தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சிவப்பரிசி விழுந்து முடிந்தது. மில்காரர் அருளப்பன் புருவமெல்லாம் மாவாக வாசலுக்கு வந்தார். மிஷினோடு கோவில்பட்டியிலிருந்து வந்தவர். இந்த ஊரில் யார் எந்தத் தெரு என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

“பெட்டியில என்னம்மா?”

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். சுவர்தான் இருந்தது.

“பச்சரிசி ஐயா.”

“அப்ப உள்ள வாங்க. அரிசியெல்லாம் ஒண்ணா ஓடட்டும்.”

கால் வரவில்லை.

வத்தல் கூடைக்காரி அவள் பக்கம் முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். “அவ கடைசியில வருவா.”

“கடைசி உங்க வத்தல்தான் ஆச்சி. அதுக்குப் பொறவு அரிசியப் போட்டா, அந்த மாவ நீங்க தின்பீகளா?”

இன்ஜின் தன் பாட்டுக்கு டுப் டுப் என்று அடித்துக்கொண்டிருந்தது.

அருளப்பன் அடுத்த பச்சரிசியைக் கேட்டுக் கை நீட்டினார். அது உலகம்மாளுடையது. உலகம்மாள் வீட்டு நெல்லை அவள் எத்தனையோ முறை குத்தியிருக்கிறாள். பேசிக்கொண்டதுதான் குறைவு.

உலகம்மாள் சுளகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நான் இன்னும் கல் பொறுக்கி முடிக்கல. அவளுத போடுங்க.”

சுளகில் கல் ஒன்றும் தெரியவில்லை. முல்லை அரும்பு கணக்காய்ச் சுத்தமாகக் கிடந்தது அரிசி.

அவள் உள்ளே போனாள். அந்தக் கூரைக்குக் கீழே முதல் தடவை.

அரிசி மேலே போனது. மாவு கீழே அவள் பெட்டியில் விழுந்தது. ஒரு பகல் முழுக்க உலக்கை பிடிக்க வேண்டிய வேலை, ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் முடிந்துவிட்டது. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. சந்தோஷம்தான். இத்தனை வருடம் இது எங்கே இருந்தது என்ற கோபமும் கொஞ்சம்.

கடைசி இரண்டு பிடி இன்னும் மிஷின் வயிற்றில் இருந்தது. அதற்குள் அருளப்பன் அவள் பெட்டியை நகர்த்திவிட்டு உலகம்மாளின் அரிசியை மேலே கொட்டிவிட்டார்.

முன்னால் அரைத்தது யார் என்று தெரியாத நாளில், வேறு தெரு மாவு கலந்துவிடாமலிருக்க முதல் பிடி மாவைக் கீழே கிடக்கும் சாக்கில் விழவிட்டு, அதற்குப் பிறகுதான் டின்னை வைப்பார்கள் மேலத்தெருப் பெண்கள். இருபது நாளில் உண்டான வழக்கம்.

இன்று யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

உலகம்மாள் டின்னை எடுத்து நேராக மிஷின் வாய்க்கு அடியில் வைத்தாள்.

வத்தல் கூடைக்காரி பார்த்தாள். கேழ்வரகுக்காரி பார்த்தாள். உலகம்மாள் மட்டும் யாரையும் பார்க்கவில்லை.

அவள் வெளியே வந்து, பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். மாவின் சூடு சேலைக்கு மேலே இதமாக இருந்தது.

வீட்டில் சுளகில் மாவைக் கவிழ்த்தாள். பெட்டியின் அடியில் கிடந்தது மேலே வந்தது.

“என்னம்மா, மாவு செவப்பா கிடக்கு?” என்றாள் மகள்.

வத்தலோ? விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

காரம் இல்லை. சிவப்பரிசி. அவளுக்கு முன்னால் அரைத்த மேலத்தெரு மாவு.

நாக்கில் அது மெல்லத் தித்தித்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அத அள்ளித் தூரப் போட்டிருவமா?”

“கிடக்கட்டும் தாயி.”

உப்புத் தண்ணீர் தெளித்து இரண்டையும் சேர்த்துப் பிசிறினாள். இந்நேரம் உலகம்மாள் வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.