மூன்றாவது பாட்டு

"அதை நிறுத்தித் தொலை!"

துர்சுனாய் எழுந்து வந்து பக்கத்துக் கடை ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கியே விட்டாள். பாட்டு பாதி வரியில் அறுந்தது. திரைச்சீலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பி முறைத்தார்கள்.

"உனக்கு நெஞ்சுல இருக்கிறது என்ன, கல்லா அக்கா?" நர்கிசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பிஷ்கேக்கே இந்தப் பாட்டைக் கேட்டு அழுதுட்டிருக்கு. நீ ஒருத்திதான் ஒயரைப் பிடுங்கறே."

பிஷ்கேக் நகரின் தோர்தோய் சந்தையில் இருவருக்கும் அடுத்தடுத்த கன்டெய்னர் கடைகள். நர்கிசா திரைச்சீலை விற்றாள். துர்சுனாய் கம்பளிக் காலுறை விற்றாள். மாஸ்கோவில் பதினோரு வருடம் தெருத்தெருவாகப் பனி வாரி, முழங்கால் போன பிறகு ஊர் திரும்பியவள். அந்தச் சந்தையில் மூன்று கடைக்கு ஒருத்தி அப்படித்தான். போன வசந்தத்தில் கடை போட்ட அன்றே, பிள்ளை குட்டி கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

பாட்டு 'நாலாம் மாடி' குழுவினுடையது. லிஃப்ட் ஓடாத ஒரு பழைய குடியிருப்பின் நாலாம் மாடியில் கிதாரும் டிரம்ஸுமாகப் பழகிய நாலு பையன்கள். முதலில் வெளியிட்ட இரண்டு பாட்டும் ஏதோ ஓடின. மூன்றாவதுதான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது. பனி வார மாஸ்கோவுக்குப் போன அம்மா, சவப்பெட்டியில் திரும்பி வந்த கதை. பாடகன் எல்தியாரின் சொந்தக் கதை என்று எல்லாச் சேனலும் சொன்னது. அதற்குப் பிறகு வந்த முதல் ஆல்பம் ஒலிக்காத டாக்ஸி கிடையாது.

நர்கிசா ஒயரை மறுபடி சொருகினாள்.

"ரெண்டாவது வரியிலயே குரல் உடையுது, கேளு. பெத்தவளை நினைச்சு அழறான் பாவம்."

"அழுகை இல்லடி, சளி. சளியோட போய்ப் பாடியிருக்கான்."

"ஆமா, நீதான் பக்கத்துல உட்கார்ந்து தைலம் தேய்ச்சே! பிள்ளை பெத்திருந்தா உனக்கு இதெல்லாம் புரியும்."

சொன்ன பிறகு நர்கிசாவுக்கே சுருக்கென்றது. சமாதானத்துக்குக் கறி வைத்துச் சுட்ட சம்சா ஒன்றைச் சூடாக நீட்டினாள். "சனிக்கிழமை அவங்க கச்சேரி. என் வீட்டுக்காரர் வரமாட்டாராம். மூணாவது வரிசை டிக்கெட் ஒண்ணு வீணாப் போகுது. உன்னைக் கூப்பிட்டா நீ அங்கேயும் ஒயரைத் தேடுவே."

துர்சுனாய் கலைந்து கிடந்த காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டே இருந்தாள். நாலைந்து ஜோடி ஆன பிறகு, "நான் வரேன்" என்றாள்.

சனிக்கிழமை மாலை புதுத் தலைத்துணி கட்டி, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு வந்திருந்தாள். விளையாட்டு அரங்கம் நிறைந்திருந்தது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவன் மேடைப் பக்கமிருந்து வேகமாக வந்தவன், மூன்றாவது வரிசையைக் கண்டதும் நின்றான். வந்த வழியே உள்ளே போனான். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தான்.

"மன்னிக்கணும்மா. இந்த இடத்துல கேமரா வைக்கணும். உங்க ரெண்டு பேருக்கும் மேல இடம் பார்த்திருக்கேன்." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மூணு மாசம் முன்னாடி வாங்கின டிக்கெட்டு இது!" நர்கிசா கத்தினாள். "இத்தனை பேர் இருக்கும்போது நாங்கதான் எழுந்திரிக்கணுமா? சந்தையில கடை போடுறவங்கன்னா அவ்வளவு இளப்பமா?"

"விடு நர்கிசா. போலாம் வா." துர்சுனாய் அதற்குள் எழுந்துவிட்டாள்.

மேலடுக்கு கூரைக்கு அடியில் இருந்தது. கம்பியைப் பிடித்து, படிக்குப் படி நின்று, முழங்காலை அமுக்கிவிட்டு ஏறினாள். அங்கிருந்து பார்த்தால் பாடகன் கட்டைவிரல் அளவுதான் தெரிந்தான். கீழே அவர்கள் இடத்துக்குக் கேமரா எதுவும் வரவில்லை. இரண்டு நாற்காலியும் காலியாகவே கிடந்தன.

"பார்த்தியா, பார்த்தியா! பொய் சொல்லியிருக்கான் படுபாவி!" என்று பாட்டுக்குப் பாட்டு நர்கிசா புலம்பினாள்.

கடைசியில் அந்தப் பாட்டு வந்தது. அரங்கம் அடங்கியது. எல்தியார் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"என் அம்மா இன்னிக்கு மேலேயிருந்து கேட்டுட்டிருப்பாங்க" என்றான். சொல்லிவிட்டு ஒரு முறை கூரைப் பக்கம் நிமிர்ந்து பார்த்தான். உடனே குனிந்துகொண்டான்.

ஆயிரக்கணக்கான ஃபோன் விளக்குகள் உயர்ந்தன. எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். பெட்டி விமானத்திலிருந்து இறங்கும் வரி வந்தபோது நர்கிசா உடைந்து போனாள். முன் வரிசையில் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். துர்சுனாய் மட்டும் கைகளை மடியில் வைத்தபடி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்கிசா மூக்கைச் சிந்திக்கொண்டு அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அம்மாவைப் பறிகொடுத்துட்டு ஒரு பிள்ளை பாடுறான். உனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரலியே அக்கா! நீயெல்லாம் மனுஷிதானா?"

துர்சுனாய் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் எப்படி அழறது நர்கிசா? செத்தது நான்தானே."