பேர் வெட்டாத டப்பா

ஹோட்டல் சாப்பாட்டோடு அந்த ஃப்ளாட்டுக்கு வந்த டப்பாக்களில் ஒன்றுதான் குப்பைக்குத் தப்பியது. அலமாரியில் அதன் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். விளிம்பில் ‘செண்பகவல்லி’ என்று பேர் வெட்டியிருந்தது.

“நீ இந்த வீட்டுக் கிண்ணம் இல்லையா?” என்றது டப்பா.

“எதிர் வீடு. பாயசத்தோட வந்தேன். வெறுங்கிண்ணமா திருப்பித் தரக் கூடாதுன்னு பத்து நாளா வெச்சிருக்காங்க.”

“உனக்குப் பேர் இருக்கு. என்னை யார் தேடப்போறா?”

மறுநாள் கிண்ணம் நிறையச் சுண்டல், மிச்சம் டப்பாவில். “டப்பாவைத் திருப்பித் தர வேண்டாங்க” என்று சொல்லியே எதிர் வீட்டில் கொடுத்தார்கள். இனி குப்பைக்கூடைதான் என்று நினைத்தது டப்பா.

செண்பகவல்லி அதைக் கழுவித் துடைத்து, திருப்பிக் கொடுக்க முறுக்கு அடுக்கி, மூடியில் காகிதம் ஒட்டி எழுதினாள்: ‘எதிர் வீடு.’

டப்பா அந்தப் பேரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது.