கறுத்த சுவர்

அலுமாரியை நகர்த்தியதும் குப்பென்று அடித்த நாற்றத்தில் அரியரத்தினம் மூக்கைப் பொத்தினார். பின்சுவர் முழுக்கக் கறுப்பாய்ப் பூஞ்சணம்.

“சீ! இதுக்கு ஹம்பேர்க்கிலை வாடகை வேறை! யன்னலைத் திறந்து வைக்கட்டாம் எண்டு வீட்டுக்காரன் பதில் போடுறான். அவனெல்லாம் ஒரு மனிசனோ?” சுவரைச் சுரண்டிக்கொண்டே கத்தினார். “தேனுஜா, அவனுக்கு எழுதச் சொன்ன கடிதம் எங்கை?”

மகள் கைப்பேசியைப் பார்த்து வாசித்தாள்.

“சுவரெல்லாம் கறுத்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் இருமல். மூன்று தரம் எழுதியும் நீங்கள் எட்டிப் பார்க்கவில்லை. இந்த நாற்றத்துக்குள் நீங்கள் ஒரு நாளாவது படுப்பீர்களா?”

“அப்பிடிக் கேள்! உடனை அனுப்பு. அந்த நாய்க்குக் கொஞ்சமெண்டாலும் உறைக்கட்டும்.”

“அனுப்ப ஏலாது அப்பா. இது உங்களுக்கு வந்தது. மாமா சொன்னாரெண்டு ஆஸ்திரேலியாவிலை ஒரு சின்ன ஊரிலை, படத்தை மட்டும் பார்த்து மலிவா ஒரு வீடு வாங்கினியள் எல்லோ? அங்கை வாடகைக்கு இருக்கிறவை எழுதியிருக்கினம்.”

சுரண்டுவது நின்றது. அரியரத்தினம் விரலில் ஒட்டிய கறுப்பை அருவருப்போடு துடைத்தார்.

“யன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி எழுது.”