கழற்றிய கேபிள்

பாயான் பாரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவுக் கம்ப்யூட்டருக்கு மெமரியை இரட்டிப்பாக்கிய நாளிலிருந்து நெட்வொர்க் டிரைவர் மென்பொருள் ஏறவில்லை. புது மெமரியைக் கழற்றினால் நெட்வொர்க் ஓடும்; திரும்பச் செருகினால் நின்றுவிடும். பழுது பார்க்கும் ஆள் நான்தான்.

அன்று காலை நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பழைய டிரைவரை நீக்கிக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர்: அருந்ததி.

"மன்னிச்சிருங்கண்ணே. நீங்க சங்கம் தொடங்கப்போறத மேனேஜர்கிட்ட நான்தான் சொன்னேன்."

திரும்பிப் பார்த்தேன். எதிர் மேசையில் அவள் கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. நாற்காலி காலி. தொழிற்சங்க விஷயம் இந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கூடப் பிறந்தவளைப்போல நம்பி நானே சொல்லியிருந்தேன்.

கேன்டீனிலிருந்து இரண்டு கோப்பை தே தாரிக் தேநீரோடு வந்தாள்.

"ஒங்களுக்குச் சீனி கொறச்சுப் போடச் சொன்னேன்லா, அண்ணே."

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே" என்றாள். சொன்ன பிறகுதான் அவள் முகம் மாறியது.

திரையில் அந்தச் செய்தி அப்படியே நின்றது. கேபிள் என் கையில் இருந்தது. அவள் கொண்டுவந்ததைக் குடித்தேன். சீனி சரியாகத்தான் இருந்தது.