இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்று

நகைக்கடையைக் கொள்ளையடிக்க டுவேன் ப்ரூயிட்டிடம் எல்லாம் தயாராக இருந்தது. முகமூடி, பொம்மைத் துப்பாக்கி, தன்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம். இல்லாதது தப்பியோட வேகமான கார் ஒன்றுதான்.

இருந்தது மனைவி ஷார்லீனின் சின்னக் கார். மேட்டில் ஏறும்போது சைக்கிளில் போகிறவர்கள் அதைப் பரிதாபமாகத் திரும்பிப் பார்ப்பார்கள்.

"காரை ஏன் அத்தான் மாத்தணும்? இன்ஜினுக்குக் குளிர்ந்த காத்து குடுத்தா பிச்சுக்கிட்டுப் போகும்" என்றான் லைல்.

லைல், ஷார்லீனின் தம்பி. ஓஹையோவின் அந்தச் சின்ன ஊரில் அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாய்களையெல்லாம் திறந்துவிடுகிறவன். அதற்குமேல் அவன் மூளைக்கு வேலையிருக்க வாய்ப்பில்லை என்பது டுவேனின் கணிப்பு.

"காத்துல என்னடா மாப்ளே சூடு, குளிர்ச்சி? காத்துன்னா காத்துதானே?"

"இன்ஜினும் உங்கள மாதிரிதான் அத்தான். புழுக்கத்துல மூச்சு வாங்கும். குளுகுளுன்னு இருந்தாத்தான் வேலை செய்யும்."

டுவேன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை கார் ஷெட்டில் வேலை தொடங்கியது. காரோடு வந்த ஏர் ஃபில்டர் பெட்டியை லைல் கழற்றி வீசினான். மூன்று அங்குலப் பிளாஸ்டிக் குழாயை ரம்பத்தால் அறுத்தான், வளைவுக்கு ஒரு 'எல்போ' குழாய் வைத்தான், ரப்பர் வளையம் மாட்டிக் கிளிப் போட்டு முறுக்கினான். டுவேனும் சும்மா இருக்கவில்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பீர் குடித்தபடி, குறை சொன்னான்.

"அடப்பாவி, இது கக்கூஸ் குழாய்டா!"

"புதுசு அத்தான்."

இன்ஜினிலிருந்து புறப்பட்ட குழாய் சக்கரத்துக்கு முன்னால் இறங்கி, பம்பருக்குப் பின்னால் போய் நின்றது. அதன் முனையில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கியது.

"ஏன்டா இவ்வளவு கீழ தொங்க விடுற? ரோட்டைக் கூட்டவா?"

"மேல இன்ஜின் பக்கத்துல காத்து கொதிக்கும். கீழதான் ஜில்லுன்னு வரும். நீங்க பேசாம இருங்க அத்தான்."

கடைசியில் கறுப்பு பெயிண்ட் அடித்தார்கள். சாவியைத் திருப்பியதும் கார் உறுமியது. சத்தம் கூடினால் வேகமும் கூடிவிட்டதாக நம்புகிற ஆண்பிள்ளைகளில் டுவேனும் ஒருவன். அவன் கண்கள் கலங்கிவிட்டன.

"மழை நாளாப் பாருங்க. காத்து இன்னும் ஜில்லுன்னு இருக்கும். தெருவுல ஆளும் இருக்காது" என்றான் லைல்.

சாயங்காலத்துக்குள் அது டுவேனின் சொந்த யோசனை ஆகிவிட்டது. அதை லைலிடமே விளக்கிச் சொன்னான்.

"சரியா ரெண்டு மணிக்குக் கடைக்குள்ள நுழையறேன். ரயில் பாலத்துக்கு அடியில பூந்து ஊரைத் தாண்டிடுவேன். அங்க கேமரா கிடையாது. மூளைடா மாப்ளே, மூளை!"

"உங்களுக்கு வராதா அத்தான்" என்றான் லைல் பணிவாக.

வியாழக்கிழமை மழை கொட்டித் தீர்த்தது.

கடையில் வேலை நான்கே நிமிடத்தில் முடிந்தது. ஊரிலிருந்த மூன்று போலீஸ் கார்களும் விளக்கைச் சுழற்றிக்கொண்டு பின்னால் வந்தன. ஆனால் சின்னக் கார் உண்மையாகவே பறந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மைத்துனனை நினைத்து டுவேன் பெருமைப்பட்டான். பெருமை ரயில் பாலம் வரை நீடித்தது.

பாலத்துக்கு அடியில் முழங்காலளவு தண்ணீர். குளிர்ந்த காற்றுக்காகத் தாழத் தொங்கிய ஃபில்டர், குளிர்ந்த தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தது. இன்ஜின் ஒரு தடவை விக்கியது. அப்புறம் விக்கவேயில்லை.

துரத்தி வந்த முதல் போலீஸ் காரும் அதே வேகத்தில் தண்ணீருக்குள் இறங்கி நின்றுபோனது. மற்ற இரண்டு கார்களில் வந்தவர்கள் டுவேனை இழுத்துப் போடவும், தங்கள் சகாக்களைக் கரையேற்றவும் முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஸ்டேஷனில் கம்பளியைப் போர்த்தி நடுங்கிக்கொண்டிருந்த டுவேனின் எதிரில் சார்ஜென்ட் மார்ஜ் கோல்ப் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் குழாய மாட்டிவிட்ட புண்ணியவான் யாருப்பா?"

டுவேன் யோசித்தான். லைல் முட்டாள்தான். ஆனால் ஷார்லீனுக்கு இருப்பது ஒரே தம்பி. பாவம், நல்லெண்ணத்தில் செய்தான். அவனையும் ஜெயிலில் தள்ளி என்ன ஆகப் போகிறது?

"நானேதான் மாட்டினேன். எனக்குக் கூட்டாளி எவனும் கிடையாது" என்றான் கம்பீரமாக. எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். தியாகம் இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவனுக்கு இதுவரை தெரியாது.

கையெழுத்தை வாங்கிக்கொண்டு மார்ஜ் பெருமூச்சு விட்டாள்.

"இன்னிக்கு ஒண்ணு போதாதுன்னு ரெண்டு. நாங்க உன் பின்னால ஓடினப்போ, ஊருக்கு அந்தக் கோடியில இருக்கற பேங்க்கை ஒருத்தன் வழிச்செடுத்துட்டான். அலாரம் அடிச்சுக்கிட்டே இருந்துது. அனுப்ப வண்டி இல்ல."

"அதிர்ஷ்டக்காரன்" என்றான் டுவேன், ஒரு தொழில்காரனின் பொறாமையோடு.

"ரொம்ப மரியாதையான ஆளாம். கவுன்டர்ல இருந்த பொண்ணு அழுதிருக்கா. 'பதறாதீங்க மேடம். போலீஸெல்லாம் ரயில் பாலத்துக்கு அடியில ஒரு காரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காங்க. இப்போதைக்கு வரமாட்டாங்க. துப்பாக்கியெல்லாம் வெடிக்காது'ன்னு ஆறுதல் சொல்லியிருக்கான்."

"போலீஸ் ரேடியோவுல கேட்டிருப்பான்."

மார்ஜ் கையிலிருந்த தாளை இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள்.

"அங்கதான் இடிக்குது. அவன் அதைச் சொன்னது ரெண்டு மணி மூணு நிமிஷத்துக்கு. அப்ப நீ நகைக்கடையை விட்டே கிளம்பலையேப்பா!"