மாலி ராஜா வருகிறார்

ஹஜ் பயணிகள் உடுத்தும் இஹ்ராம் துண்டுகளை ஜித்தாவில் விற்றுவந்த சாதிக் பாட்ஷா, கடைக்கு வந்த பாலகுரு செல்போனில் பேசியதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"மாலி நாட்டு ராஜா ஹஜ்ஜுக்குக் கிளம்புறாரு. கூடவே அறுபதாயிரம் பேரு. கெய்ரோவுல கண்ணுல பட்டவங்களுக்கெல்லாம் தங்கத்தை அள்ளிக் கொடுக்கிறாரு. அங்கே தங்கம் விலையே சரிஞ்சுடுது. அடுத்து மக்காதான். மறந்துடாதே!"

குளிக்க ஒரு துண்டை வாங்கிக்கொண்டு பாலகுரு டியூட்டிக்கு ஓடிவிட்டார்.

அறுபதாயிரம் பேர்! ஆளுக்கு இரண்டு துண்டு! சாதிக் பாட்ஷாவுக்குத் தலை சுற்றியது. முதல் வேலையாக வீட்டுக்குப் போன் போட்டார்.

"அஸ்மத், வளையல் இப்ப வாங்காதே. தங்கம் விலை விழப்போவுது."

"யாரு சொன்னா?"

"ராஜா வர்றாரு புள்ள!"

மறுநாள் மதியத்துக்குள் மூன்று வேன் நிறையத் துண்டுகள் வந்து இறங்கின. கடைக்குள் நிற்க இடமில்லை. புதுத் தொப்பியும் அத்தர் வாசனையுமாக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், அந்த வழியாக வந்த பாலகுருவை ஓடிப்போய்ப் பிடித்தார்.

"தம்பி, மாலி ராஜா எப்ப வர்றாரு?"

"அவரு வந்துட்டுப் போயி கிட்டத்தட்ட எழுநூறு வருஷமாச்சே பாய்! பொண்ணுக்கு இன்னைக்கு ஹிஸ்டரி பரீட்சை. அதான் நேத்து போன்ல சொல்லிக் கொடுத்தேன்."

சாதிக் பாட்ஷா துண்டு மூட்டைகளை ஒருமுறை பார்த்தார். பிறகு பாலகுருவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"அவரு பேரப்பிள்ளைங்க யாராச்சும் கிளம்புற மாதிரி இருக்கா தம்பி?"